நான்காம் பாகத்தைப் பற்றி என்ன சொல்வது

அந்த விளையாட்டைப் பற்றி நான் எழுதிய முதல் விமர்சனம் மிகத் தெளிவாக இருந்தது. இதில் புதிதாக எதுவும் இல்லை, மூன்றாம் பாகத்தையே கழுவித் துடைத்து நான்காம் பாகம் என்று கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவுதான் சாரம். எழுதி முடித்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் என் மனைவி அதை வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

எங்களுக்கு ஒரு யூடியூப் சேனல் இருக்கிறது. வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் பேசுகிற சேனல். பெரிய கூட்டமெல்லாம் கிடையாது. கல்லூரியில் கூடப் படித்த மணப்பாட்டு நண்பனும் நானும் சேர்ந்து தொடங்கியது. நான் எழுதுவேன், அவன் பேசுவான். அவன் கப்பல் வேலைக்குப் போன பிறகு பேச ஆளில்லாமல் போயிற்று. என் குரலைப் பதிவு செய்து நானே கேட்டுப் பார்த்தேன். மூக்கடைத்தவன் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்வதுபோல இருந்தது. அப்போதுதான் மனைவியைக் கேட்டேன். அவள் நாசரேத்தில் வளர்ந்தவள், பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர், சின்ன வயதிலிருந்தே கோவிலில், அதாவது சர்ச்சில், வேதபாடம் வாசித்துப் பழகியவள். தெரியாத பாடத்தை நடத்தச் சொல்கிறீர்களே என்று முதலில் தயங்கினாள், பிறகு சரி என்றாள். துப்பாக்கிகளின் பெயர்களை அவள் சொல்கிற சுத்தத்தைக் கேட்டு, பார்ப்பவர்கள் அவளைப் பெரிய ஆட்டக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். கமெண்டில் அக்கா, அக்கா என்று யோசனை கேட்பார்கள். உண்மையில் அதுவரை அவள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தது தூசி துடைக்கும்போது மட்டும்தான்.

எனக்கு வேலை துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில். எந்தக் கன்டெய்னர் எந்த அடுக்கில், எதற்கு மேல் எது என்று திட்டம் போடுகிற மேஜை என்னுடையது. பகல் முழுக்கத் திரையில் பெட்டிகளை நகர்த்திவிட்டு வந்து, சாயந்தரம் வீட்டுத் திரையில் ஆட்களைச் சுடுவேன். இதில் என்ன ஓய்வு இருக்கிறது என்று மாமியார் ஒருமுறை கேட்டார்கள்.

நான்காம் பாகம் வந்ததும் வாங்கினேன். அதே கன்னத் தழும்புக் கதாநாயகன். அவனுக்கு மேலே இருக்கிற அதிகாரி துரோகம் செய்வான் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, துரோகம் செய்தான். ஹெலிகாப்டர் விழும் என்று நினைத்த இடத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. ஆனால் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. துப்பாக்கிக்கு ஒரு கனம் இருந்தது. மணலில் நடந்து இரும்புத் தட்டில் ஏறினால் காலடிச் சத்தம் மாறியது. எங்கேயும் சிக்கவில்லை, எங்கேயும் திகைக்கவும் இல்லை. முடித்துவிட்டு விமர்சனத்தை ஒரே மூச்சில் எழுதினேன்.

நாங்கள் பதிவு செய்வது படுக்கையறையில். எதிரொலி வராமல் இருக்க பீரோவைத் திறந்து போட்டு, சேலைகளுக்கு எதிரே அவள் உட்கார்ந்துகொள்வாள். மின்விசிறியை நிறுத்திவிடுவோம். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. அவள் பாதி வாசித்து நிறுத்தினாள்.

"இது நீங்க போன வாரம் விளையாண்டதுதானா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ எதுக்கு அவ்வளவு சிரிச்சிய? நான் அடுப்படில நின்னு கேட்டேன். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வரல. இதுல எழுதிருக்கத பாத்தா ஏதோ பல் வலியோட உக்காந்திருந்த மாதிரில்லா இருக்கு."

சிரிப்பது ஒரு பழக்கம், அதற்கும் விளையாட்டின் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். அவள் வாதாடவில்லை. மறுபடி வாசித்தாள். ஆனால் அதற்குப் பிறகு என் வரிகள் அவள் குரலில் வரும்போது ஒவ்வொன்றும் யாரோ எழுதியதுபோல இருந்தது. 'சலிப்பு' என்று ஒரு சொல் வந்தது. நான் சலித்தேனா? உணவு ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தவன் சலித்தேன் என்று சொல்லலாமா? சிரித்தது உண்மை என்றால் எதற்குச் சிரித்தேன்? அந்தப் பதிவை அன்று ஏற்றவில்லை.

எதற்குச் சிரித்தேன் என்று கண்டுபிடிக்க, திரும்பவும் விளையாடினேன். சிரித்தது துறைமுகக் கட்டத்தில் என்று தெரிந்தது.

துப்பாக்கி விளையாட்டு எதை எடுத்தாலும் அதில் ஒரு துறைமுகம் வரும். ஒளிந்துகொள்ளக் கன்டெய்னரைவிட வசதியான பொருள் கிடையாது, அதனால்தான். நான் பார்த்த துறைமுகங்களில் கன்டெய்னர்கள் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். எண் இருக்காது. இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கும். எடுக்கவே முடியாதபடி குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தியிருப்பார்கள். அந்தக் கட்டம் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். சமையல் தெரிந்தவன் கல்யாண வீட்டில் சாம்பாரைக் குறை சொல்வதுபோல ஏதாவது முனகிக்கொண்டே விளையாடுவேன்.

இதில் அப்படி இல்லை. கதவின் இடது பக்கம் ஒரு சின்ன உலோகத் தகடு அடித்திருக்கும், அது இருந்தது. துரு அடி மூலையிலிருந்து மேலே ஏறியிருந்தது, உப்புக் காற்றில் எப்படி ஏறுமோ அப்படி. ஒரு நீலக் கன்டெய்னரின் பக்கவாட்டில் சதுரமாக ஒட்டுப் போட்டு, அதன் மேல் அடித்த நீலம் கொஞ்சம் மாறியிருந்தது. ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடிக்கிறபோது பழைய நிறம் யாருக்கும் கிடைக்காது. எங்கள் யார்டில் திரும்பிய பக்கமெல்லாம் அந்த மாதிரி ஒட்டுகள்தான். அதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன். பிறகு ஒரு ரீச் ஸ்டாக்கர் வந்தது. முன்னால் நீண்ட கையால் கன்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற ராட்சச வண்டி. அதற்குத் திரும்புகிற சக்கரம் பின்னால் இருக்கிறது. அதனால் வண்டி ஒரு பக்கம் திரும்பினால் பின்பாகம் மறுபக்கம் வீசிக்கொண்டு போகும். விளையாட்டிலும் அப்படியே வீசியது. நான் துப்பாக்கியை இறக்கிவிட்டு அந்த வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். எதிரி என்னைச் சுட்டுக் கொன்றான். கவலைப்படவில்லை.

இரண்டாவது விமர்சனம் எழுதினேன். இதுவரை வந்ததிலேயே சிறந்தது, புதுமை என்பது வேறு எதுவும் இல்லை, உள்ளதை இவ்வளவு சரியாகச் செய்வதுதான் புதுமை என்று. மனைவி அதை மனதுக்குள் வாசித்துவிட்டு, இது விளையாட்டுக்கு எழுதினதா, உங்க யார்டுக்கு எழுதின பாராட்டுரையா என்று கேட்டாள். கன்டெய்னரையே பார்க்காத ஒரு மதுரைப் பையனுக்கு அந்த மாறிய நீலத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்டாள். நான் யோசித்தேன். ஒன்றும் இல்லைதான். ஆனால் ஒன்றும் இல்லை என்றால் எனக்கு உடம்பு சிலிர்த்தது பொய்யா?

மணப்பாட்டு நண்பனிடம் கேட்டிருந்தேன். சிக்னல் கிடைத்தபோது கப்பலிலிருந்து குரல் செய்தி அனுப்பினான். விளையாட்டு வெளிவந்தபோது அவனும் விடுமுறையில் இருந்தான்; ஊரில் ஆரம்பித்து, கப்பலில் முடித்திருந்தான். "ஏலே, தொறமுகம் பாக்கணும்னா நான் ஜன்னல் தெறந்தாலே போதும். சுடுததுல என்ன புதுசுன்னு சொல்லு" என்றான். அவனும் துறைமுகம் தெரிந்தவன்தான். அவனுக்குச் சிலிர்க்கவில்லை. ஆக, தெரிந்தவனுக்குப் பிடிக்கும் என்ற கணக்கும் உதவவில்லை. இரண்டு ஸ்கிரிப்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டையும் எழுதியது நான்தான். இரண்டிலும் பொய் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் நடந்ததை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கன்டெய்னரின் கதவைப் பூட்டிய சீலின் எண் கணினியில் இருந்ததோடு பொருந்தவில்லை. ஆள் அனுப்பாமல் நானே பார்த்துவிடலாம் என்று ஹெல்மெட்டும் பச்சை ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு இறங்கினேன். யார்டில் நடப்பதற்கு மஞ்சள் கோடு போட்ட பாதை உண்டு. அதை விட்டு விலகக் கூடாது. விலகித்தான் ஆக வேண்டும் என்றால் வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி கை காட்டி, அவர் பதிலுக்குக் கை காட்டிய பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்லியிருக்கிறேன்.

நல்ல வெயில். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வந்தபோது என் கால்கள் இடது பக்கம் திரும்பின. நான் திருப்பினேன் என்று சொல்ல முடியாது. விளையாட்டைப் பற்றி அந்த நேரத்தில் நினைக்கவும் இல்லை. அந்த இடத்தில் பின்பக்கமாகப் போக ஒரு சந்து இருக்கிறது என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் யார்டில் அங்கே சந்து கிடையாது, விளையாட்டில்தான் உண்டு. ஓரமாக முதுகைச் சாய்த்து நின்று, மேல் அடுக்கைப் பார்த்தேன். அங்கேதான் குறிபார்த்துச் சுடுகிறவன் உட்கார்ந்திருப்பான். ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

ஹாரன் கேட்டது. திரும்பினேன். ரீச் ஸ்டாக்கரின் பின்பாகம் என்னை நோக்கி வீசிக்கொண்டு வந்து, கையை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் நின்றது. எந்த வீச்சைப் பார்த்து வீட்டில் ரசித்தேனோ, அந்த வீச்சின் நேர் எதிரே நின்றிருந்தேன். டீசல் சூடு முகத்தில் அடித்தது.

ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். மாப்பிள்ளையூரணிக்காரர், என்னைவிட மூத்தவர், எப்போதும் என்னைத் தம்பி என்பார், நான் அண்ணாச்சி என்பேன்.

"ஏலே, அங்கன மேல என்னத்தல பாத்துக்கிட்டு நின்ன?" என்றார்.

காக்கா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டு ஞாபகம் அண்ணாச்சி என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைத் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைகள் இருக்கு, உன்னால நான் ஜெயிலுக்குப் போகணுமா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார். அவரே மேலாளரிடம் சொல்லிவிட்டார், சொல்ல வேண்டியதுதான். பாதுகாப்பு வகுப்பை மறுபடி உட்கார்ந்து கேட்கும்வரை யார்டுக்குள் இறங்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன்களோடு உட்கார்ந்து, மஞ்சள் கோட்டைப் பற்றிய பாடத்தைக் கேட்டேன்.

அன்று சாயந்தரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கன்சோலைத் தூக்கிப் பரணில் போடுவாள் என்றும் நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ அந்த நேரத்திலும் மண்டையில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. உண்மையான யார்டையே மறக்கடிக்கிற அளவுக்கு ஒரு விளையாட்டைச் செய்திருக்கிறார்கள் என்றால், அது சிறப்பானது என்றுதானே அர்த்தம்? அல்லது ஒரே மாதிரிக் கட்டத்தை வருஷக் கணக்காக விளையாடி விளையாடிக் கால் மரத்துப்போனதா? இந்தப் பாகத்தின் திறமையா, எல்லாப் பாகங்களின் பழக்கமா?

"அந்த எடத்த எனக்குக் காட்டுங்க" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டு முடித்து, ஜன்னலைச் சாத்திவிட்டு அவளிடம் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். முதலில் அவளால் நேராக நடக்கவே முடியவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே சுவரில் முட்டினாள். ஒரு மணி நேரம் கழித்து நடக்க வந்தது. நடக்க வந்ததும் அவள் சுடவில்லை. கப்பல் மேடையின் விளிம்பில் போய் நின்று தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீர் தூணில் மோதி விலகுவதைப் பார்த்து, இதை ஆள் வரைந்ததா என்று கேட்டாள். ஒரு மரப்பெட்டி மேல் டிபன் பாத்திரம் திறந்தபடி இருந்தது. அதை நான் கவனித்ததே இல்லை. அவள் கண்ணுக்கு உடனே பட்டது.

"சாப்பாட வச்சிட்டு ஆளு எங்க போனாரு?" என்றாள். அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய தொறமுகத்துல வேல பாக்குதவங்க ஒருத்தர்கூட இல்லியே. எல்லாரும் துப்பாக்கிதான் வச்சிருக்காவ" என்றாள்.

அந்த வண்டியை ஓட்டுகிறவரைக் காட்டலாம் என்று ரீச் ஸ்டாக்கர் பக்கம் போகச் சொன்னேன். வண்டி நகர்ந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் யாரும் இல்லை. இருக்கை மட்டும் இருந்தது. இருக்கையின் கிழிசல்கூட இருந்தது. நான் அதன் பின்னால் எத்தனை தடவை நடந்திருக்கிறேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. கிழிசல் வரைந்தவர்களுக்கு ஒரு ஆள் வரையவா நேரமில்லை? அல்லது ஆள் இருந்தால் என்னைப் போன்றவர்கள் அவனையும் சுடுவார்கள் என்று விட்டுவிட்டார்களா?

ஆனால் அவளுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. பரீட்சைத் தாள் திருத்தி முடித்ததும் உட்கார்ந்துவிடுவாள். அதிகாரி துரோகம் செய்தபோது உண்மையாகவே அதிர்ந்துபோனாள். அவன் நல்லவனாகத்தானே பேசினான் என்று இரண்டு நாள் ஆற்றாமையாக இருந்தாள். ஹெலிகாப்டர் விழுந்தபோது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் பழசு என்று எழுதிய ஒவ்வொன்றும் அவளுக்குப் புதிது. அதே விளையாட்டு, அதே திரை, அதே சோபா. அப்படியானால் பழசு என்பது அந்த வட்டுக்குள் இருக்கிறதா, எனக்குள் இருக்கிறதா?

இதை முடிவாக வைத்து ஒரு விமர்சனம் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்த நாளில் அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"முந்தாநாள் செஞ்சதையே இன்னைக்கும் செய்யச் சொல்லுதாவ. எடம் மட்டும் மாறுது" என்றாள்.

இதைத்தான் முதல் ஸ்கிரிப்டில் எழுதினேன் என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

"நீங்க இத கண்டுபிடிக்க நாலு பாகம் ஆச்சு. எனக்கு ஒரு வாரத்துல தெரிஞ்சுபோச்சு. இதுல எது பெருமை?"

நான் சலிப்பில் ஆரம்பித்து ஆச்சரியத்துக்கு வந்திருந்தேன். அவள் ஆச்சரியத்தில் ஆரம்பித்து சலிப்புக்கு வந்துவிட்டாள். நடுவில் எங்கோ ஒருவரை ஒருவர் தாண்டியிருக்கிறோம்.

கடைசியில் ஸ்கிரிப்ட் இல்லாமலே பதிவு செய்தோம். சேலைகளுக்கு எதிரே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். என் மூக்கடைத்த குரலோடுதான். மாறிய நீலத்தைப் பற்றிச் சொன்னேன். ஆளில்லாத கூண்டைப் பற்றி அவள் சொன்னாள். தான் இதுவரை எந்த விளையாட்டையும் விளையாடியதில்லை, இதுதான் முதல் என்றும் சொல்லிவிட்டாள். அதைச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யார்டில் நடந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் விளையாட்டுக்கு விளம்பரமாகிவிடுமோ, பழியாகிவிடுமோ என்று இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. நன்றாகச் செய்த பழைய ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா என்று நான் கேட்க, அவள் யோசித்து, சொல்லலாம், ஆனா எவ்வளவு நாளைக்குன்னு தெரியல என்றாள். அத்தோடு முடித்துவிட்டோம்.

நண்பனுக்கு வீடியோ பிடிக்கவில்லை. தீர்ப்புச் சொல்லாத விமர்சனம் எதற்கு என்று கேட்டான். அக்காவுக்கு விளையாடவே தெரியாதா என்று சிலர் கோபப்பட்டார்கள். சிலருக்கு அதனாலேயே அவளைப் பிடித்துப்போயிற்று. கல்லூரி மாணவன்போலத் தெரிந்த ஒருவன் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்: வாங்கலாமா, வேண்டாமா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். நான் வாங்கலாம் என்று அடித்து, அழித்து, வேண்டாம் என்று அடித்து, அதையும் அழித்தேன். மனைவி போனை வாங்கி, விளையாடிப் பார்த்துவிட்டு நீங்களே எங்களுக்குச் சொல்லுங்கள் தம்பி என்று எழுதி அனுப்பினாள்.

கொஞ்ச நாள் கழித்து அவன் எழுதியிருந்தான். செம கேம் அக்கா, ஆனா எதுனால செமன்னு கேட்டா சொல்லத் தெரியல.

நான் அதற்கு ஒரு லைக் போட்டேன். அவள் பதில் எழுதச் சொன்னாள். இன்னும் எழுதவில்லை.